தாங்கல், கழுவெளி, மழைக்கணக்கு

1

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். மீனம்பாக்கத்தில் 35. நுங்கம்பாக்கத்தில் 29. நகரத்தை நோக்கி வடக்கே போகப்போகக் குறைந்துகொண்டு வரும் இந்த மூன்று எண்களும் அந்த ராத்திரியைப் பற்றி எழுதப்பட்ட பெரும்பாலான கவிதைகளைவிடவும் தலையங்கங்களைவிடவும் அதிகமான விஷயத்தைச் சொல்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஆனால் எண்கள் தாமாகப் பேசுவதில்லை. அவற்றைப் படிக்க ஒரு சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது நான் முடிச்சூரில் குடியிருந்தேன். தண்ணீர் வாசற்படி ஏறியபோது முதலில் கட்டில்மேல் ஏறியவை அரிசி மூட்டையும் மகளின் பள்ளிப் புத்தகங்களும்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் பைண்டு செய்து வைத்திருந்த முப்பது வருஷத்துச் சிறுபத்திரிகைத் தொகுதிகள் நினைவுக்கு வந்தபோது தண்ணீர் அவற்றைத் தாண்டிவிட்டிருந்தது. மறுநாள் 'ஹிந்து' பத்திரிகை வரவில்லை. மறைமலைநகரிலிருந்த அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகை வெள்ளத்தால் அச்சேறாமல் போனது அதுவே முதல் தடவை என்று பிறகு தெரிந்தது.

வெள்ளம் வடிந்தபின் மூன்று விளக்கங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, இயற்கையின் சீற்றம். இது நம்மவர்களுடையது. அந்த மாதங்களில் எழுதப்பட்ட கவிதைகளில் தண்ணீர் ஒரு கோபக்காரப் பெண்ணாகவோ, பழைய வீட்டைத் தேடி வந்த மூதாதையாகவோ திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்பது. இது தெருவினுடையது. மூன்று, பூமி சூடாகிறது, காலநிலை மாறிவிட்டது, யாரால் என்ன செய்ய முடியும் என்பது. இது மேடைகளினுடையது. பாரிஸில் உலக நாடுகளின் காலநிலை மாநாடு தொடங்கி இரண்டாம் நாளில் இங்கே மழை கொட்டியதால் இந்த மூன்றாவது விளக்கம் கேட்பதற்கு மிகப் பொருத்தமாகவும் இருந்தது.

மூன்றிலும் உண்மையின் சாயல் உண்டு. எங்கள் தெருவை மூழ்கடித்த தண்ணீரை எடுத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேருமிடம் திருநீர்மலைக்குப் பக்கம். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அதற்கு மேற்கரையில், ஆறு தொடங்கும் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்தில் இருக்கின்றன. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது வாஸ்தவம். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அதைச் சொல்லிக் கோபப்படலாம். முடிச்சூர் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் தண்ணீர் ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கல் வழிந்து வந்தது. ஆனால் என் அண்டை வீட்டார் இன்றைக்கும் செம்பரம்பாக்கத்தைத்தான் திட்டுகிறார்கள். ஒரு மனிதனுக்குத் தன் வீட்டுக்கு வந்த தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்பதுகூடத் தெரியாமற் போனது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

மழையை அளப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியே அதற்கென்று ஒரு கட்டடம் எழுப்பிற்று. அதைத் திட்டமிட்டவர் மைக்கேல் டாப்பிங். தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு உட்பட்ட மொழிகளில் வருங்காலத்தாருக்கு ஒரு செய்தி செதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்குத் தங்கள் பெருமை தெரிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆனால் அந்த இடத்திலிருந்து நமக்கு மிஞ்சியிருக்கும் பெரிய சொத்து தூண் அல்ல. கோல்டிங்ஹாம் என்ற முதல் வானியலாளர் 1796இல் தொடங்கிவைத்த வானிலைக் குறிப்பேடு. மழையளவு 1813 தொடங்கி இருக்கிறது. உலகத்தில் இவ்வளவு நீண்ட மழைக்கணக்கு வைத்திருக்கும் ஊர்கள் அதிகமில்லை.

வானியலாளர்களுக்கு மழை உபதொழில். கப்பல்களுக்கு நேரம் சொல்வதும் நட்சத்திரங்களைக் குறிப்பதும்தான் முக்கிய வேலை. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பேசப்பட்டது. தினமும் மழைமானியைப் பார்த்து எண்ணை எழுதிவைத்த குமாஸ்தாக்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. 1899இல் சூரிய ஆராய்ச்சி கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழை நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

மழையைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பஞ்சத்திலிருந்து வந்தது. இந்திய வானிலைத் துறை 1875இல் ஏற்பட்டது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கில் மாண்டார்கள். துறையின் முதல் தலைவரான பிளான்ஃபோர்ட், அந்த வருஷங்களில் வெகுதூர நாடுகளிலும் காற்றழுத்தம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்ததைக் கவனித்தார். 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கணித நிபுணர். வானிலை பற்றி முன் பயிற்சி எதுவும் இல்லாதவர். பல நாட்டு வானிலைக் கணக்குகளைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கச் செய்தார். பசிபிக் சமுத்திரத்தின் மேலும் இந்து சமுத்திரத்தின் மேலும் காற்றழுத்தம் ஊஞ்சல் போல ஏறி இறங்குவது அந்த அட்டவணைகளிலிருந்து புலப்பட்டது. அவர் அதற்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். எல் நினோ என்று பெரு நாட்டு மீனவர்கள் சொல்லிவந்த கடற்சூடும் இந்த ஊஞ்சலும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதை 1969இல் பியர்க்னஸ் காட்டினார். இன்று உலகம் முழுவதும் காலநிலை ஆராய்ச்சியின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றாக இருக்கும் ஒரு கருத்து, இந்தியப் பஞ்சங்களில் செத்தவர்களின் கணக்கிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

எல் நினோ வருஷத்தில் தென்மேற்குப் பருவமழை மெலியக்கூடும். அதே வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை வலுக்கக்கூடும். 1877-78இல் ஒரு பெரிய எல் நினோ. 2015இல் இன்னொன்று. ஆக, சமுத்திரத்தின் ஒரே மாதிரியான நிலை ஒரு நூற்றாண்டில் பஞ்சத்தோடும் மற்றொன்றில் வெள்ளத்தோடும் சேர்த்துப் பேசப்படுகிறது.

குறிப்பேட்டிலிருந்து இன்னும் ஒரு எண். 2015 நவம்பர் மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை 1049 மில்லிமீட்டர். 'கண்டும் கேட்டுமிராத' மழை என்றார்கள். குறிப்பேட்டுக்கு அது தெரிந்திருந்தது. 1918 நவம்பரில் 1088 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. 1918இலும் சென்னையில் வெள்ளம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மூழ்குவதற்கு இத்தனை வீடுகள் அப்போது இல்லை. வானத்தின் கணக்கு மட்டும் போதாது. நிலத்தின் கணக்கும் வேண்டும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. நாம் அதை அகத்துறைக்கான இலக்கணமாக மட்டும் வைத்துக்கொண்டோம். சென்னையின் மழை கார்காலத்து மழையல்ல, ஐப்பசி கார்த்திகைக் கூதிர்காலத்து மழை என்பதைக்கூட நம் கவிதைகள் பொருட்படுத்துவதில்லை. நமக்கு மேகம் என்றாலே கார்தான்.

3

நிலத்தின் கணக்கு செங்கல்பட்டில் ஆரம்பிக்கிறது. கம்பெனியின் ஜாகீராக இருந்த இந்தப் பகுதியை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர் ஊராக அளந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடம் இருந்த ஓலைகளிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் எத்தனை ஏரி, எத்தனை வீடு, விளைச்சலில் எதற்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று எழுதப்பட்டது. ஏரி மராமத்துக்கும் விளைச்சலில் பங்கு இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழு குறிப்பிடப்படுவதை எல்லோரும் அறிவோம். பர்னார்டு காண்பது அதன் மிக நீண்ட நிழல்.

1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் சீர்திருத்துவதில் பிடிவாதமாக இருந்தவர். வேடந்தாங்கலில் பறவைகளைச் சிப்பாய்கள் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டு வாங்கிய கவுல் அவர் காலத்தது என்று சொல்லப்படுகிறது. ஊராரின் காரணம் அழகுணர்ச்சியல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று 'சூழலியல்' என்று நாம் சொல்வதன் ஒரு பகுதியை அவர்கள் மகசூல் என்று அழைத்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. ஏரி முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமக்கு உடனே பொற்காலக் காய்ச்சல் வந்துவிடுகிறது. கரையில் மண் சுமந்தவர்கள், ராத்திரியில் மதகைப் பார்த்துக்கொண்டவர்கள், உடைப்பில் முதலில் இறங்கியவர்கள் யார்? அவர்களுக்கு நிலம் இருந்ததா? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை. தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டால் மிராசுதாரர்களின் எதிர்ப்பு. பஞ்சமி நில ஒதுக்கீடு அந்த அறிக்கையின் விளைவு. தண்ணீரை நிர்வகித்த அறிவும் அந்தத் தண்ணீரால் விளைந்த நிலமும் ஒரே கையில் இருக்கவில்லை. ஏரி முறையின் வீழ்ச்சிக்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லுகிறவர்கள் இதைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

தென்புறநகரின் ஊர்ப்பெயர்களே ஒரு நீர்வரைபடம். தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல் இன்று ரயில் நிலையத்தின் பெயர். மடுவு என்றால் ஆழமான நீர்நிலை. ஒக்கியம் மடுவு இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பாலத்தின் பெயர். செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் ஏரியுள்ள ஊர்கள். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். எல்லா ஏரியும் நிரம்பிய பிறகு மிஞ்சிய நீர் கிழக்கே பள்ளிக்கரணையில் வந்து பரவி நிற்கும். அந்தப் பரப்புக்கு ஊரார் வைத்த பெயர் கழுவெளி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்துக்கும் நிதானமாக வடியும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழை இப்படி ஒரு தாழ்ந்த பரப்பில் வந்து தங்கி, பஞ்சு போல உறிஞ்சப்பட்டு, வாரக்கணக்கில் கடலுக்குப் போயிற்று.

கழுவெளி என்ற சொல்லை நம் இலக்கியத்தில் தேடினால் கிடைப்பது அரிது. அது மருதமும் அல்ல, நெய்தலும் அல்ல. நன்னீர் சில மாதம், உவர்நீர் சில மாதம். வயலாகாது, கடலும் ஆகாது. திணைமயக்கம் என்று இலக்கணத்தில் ஒரு இடம் வைத்திருந்தும், அந்த மயக்கத்திலேயே நிரந்தரமாக இருக்கும் ஒரு நிலத்துக்கு நாம் தலைவியும் தலைவனும் தரவில்லை. வருவாய்த் துறைக்கும் அதே சங்கடம். தீர்வை வராத நிலம். ஆகவே தரிசு, புறம்போக்கு. கோரை அறுத்தவர்களும் மீன் பிடித்தவர்களும் மாடு மேய்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். கணக்கில் அவர்கள் இல்லை. இலக்கணமும் வருவாய்த் துறையும் ஒரே நிலத்தைக் காணத் தவறியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பலன் தருவதை மட்டும் பெயரிட்டுப் பழகிய மனம் இரண்டுக்கும் பொது.

4

தாம்பரத்துக்கு ஒரு காலத்தில் சீதோஷ்ணத்தால் பெயர் இருந்தது. இந்தப் பழைய சொல்லை வேண்டுமென்றேதான் உபயோகிக்கிறேன். குளிர்ச்சியும் உஷ்ணமும் உடம்பில் படுவதை அது சொல்கிறது. 'காலநிலை' அளக்கப்படுவது, சீதோஷ்ணம் உணரப்படுவது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை ஆரம்பித்தபோது நல்ல காற்றும் வெளிச்சமும்தான் மருந்து. நோயைக் கொல்லும் மருந்து அப்போது கிடையாது. 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அதே 1937இல் கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறிற்று. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் தாவரங்களில் பித்துக்கொண்டவர். அவரும் அவர் மனைவியும் அந்த வளாகத்தில் நட்ட மரங்கள் இன்று நிழல் தருகின்றன. பூர்வீகமான முட்புதர்க்காடும் அங்கே ஓரளவு பிழைத்திருக்கிறது. வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் இருக்கும் காப்புக்காடுகளோடு சேர்த்துப் பார்த்தால், இந்தச் சமவெளி ஆதியில் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்ல இவைதான் மிச்சம்.

கழுவெளிக்கு அப்படி ஒரு கல்லூரி கிடைக்கவில்லை. அதற்குக் குப்பை கிடைத்தது. பெருங்குடியில் நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். வேளச்சேரி-தாம்பரம் சாலை அதை வெட்டியது. துரைப்பாக்கத்துக்குப் போட்ட ஆரச்சாலை முதலில் பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக்கியது, பிறகு கழுவெளியைக் குறுக்கே வெட்டியது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயிலேயே இறங்கின. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு, இந்த நூற்றாண்டு பிறந்தபோது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகியிருந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணையில், அந்தச் சதுப்பின் நிலத்திலேயே கட்டப்பட்டது. காற்றாலை ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனமும் அதே பக்கத்தில்தான். வங்காள விரிகுடாவில் மிதவைகளை நங்கூரமிட்டு, நீரின் சூட்டையும் உவர்ப்பையும் காற்றையும் அளந்து கரைக்கு அனுப்பும் வேலையை இந்தக் கடல் நிறுவனம் பல வருஷங்களாகச் செய்துவருகிறது. புயல் எச்சரிக்கைக்கும் காலநிலை ஆராய்ச்சிக்கும் அந்த அளவுகள் இல்லாமல் முடியாது. விரிகுடாவின் சூட்டை அளக்கும் கட்டடமே, அந்தச் சூட்டால் வரப்போகும் மழையை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலத்தை மிதித்துக்கொண்டு நிற்கிறது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. விஞ்ஞானிகள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசாங்கம் ஒதுக்கிய 'தரிசில்' போய் உட்காருகிறார்கள். வானத்தின் கணக்கும் நிலத்தின் கணக்கும் ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலமாரிகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காததற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியாது.

சதுப்பைக் காப்பாற்ற முதலில் குரல் கொடுத்தவர்கள் சுற்றுப்புறத்துக் குடியிருப்போர். குப்பைப் புகையால் மூச்சுத் திணறியவர்கள். பிறகு ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அவருடைய கேர் எர்த் அமைப்பும் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பட்டியலிட்டார்கள். ஒரு நிலம் தரிசு என்ற வாதத்துக்கு, அதில் வாழ்கிறவற்றின் பெயர்ப்பட்டியலே பதில். தாமரைக்கோழி, நீலத்தாழைக்கோழி, செந்நாரை, பூநாரை என்று பெயர்கள் சேரச்சேரத் தரிசு என்ற சொல் நிற்க முடியாமற் போயிற்று. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருபது வருஷத்து உழைப்பு இருக்கிறது. குப்பைமேடும் இன்னும் முழுவதாகப் போய்விடவில்லை.

5

இப்போது மூன்றாவது விளக்கத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் மழை காலநிலை மாற்றத்தின் விளைவா?

இந்தக் கேள்வியை ஒருவர் உண்மையாகவே கேட்டுப் பார்த்தார். நெதர்லாந்து வானிலை நிறுவனத்தைச் சேர்ந்த கீர்ட் யான் வான் ஓல்டன்பர்க். குறிப்பிட்ட ஒரு வெயிலுக்கோ மழைக்கோ பூமியின் சூடேற்றம் எவ்வளவு பொறுப்பு என்று கணக்கிடும் ஆராய்ச்சித் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர், 2021இல் காலமானார். ஃப்ரெடெரிகே ஓட்டோ, டில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ண அச்சுதராவ் முதலியவர்களோடு சேர்ந்து அவர் சென்னை மழையை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்.

முறை சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். பல வருஷத்து மழைக்கணக்கை எடுத்து, ஒரே நாளில் இத்தனை பெய்வதற்கான சாத்தியம் காலப்போக்கில் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு உலகங்களை ஓட்ட வேண்டும். ஒன்று கரியமில வாயு கூடிய இன்றைய உலகம், மற்றொன்று கூடாத உலகம். இரண்டிலும் இப்படிப்பட்ட மழை எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் சூடேற்றத்தின் பங்கு.

கிடைத்த விடை: சூடேற்றத்தின் விளைவு எதுவும் தென்படவில்லை.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பழைய பௌதிகம். அப்படியானால் சென்னை மழையில் ஏன் தடயம் இல்லை? ஆராய்ச்சியாளர்களின் விளக்கம் இது: வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதியின் மேற்பரப்பு அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருஷங்களில் சூடேறவில்லை. உலகத்தின் மற்றக் கடல்கள் சூடேறியபோது இது ஏறாததற்குக் காரணம், பெரும்பாலும் இந்தத் துணைக்கண்டத்தின் மேலிருக்கும் புகையும் தூசும் என்று கருதினார்கள். நிலக்கரியும் டீசலும் விறகும் எரிந்து எழும் நுண்துகள்கள் சூரிய வெளிச்சத்தைத் தடுத்துக் கடலுக்கு நிழல் பிடிக்கின்றன. கரியமில வாயு சூடேற்ற, புகை குளிர்விக்க, கணக்கு நேராகிவிட்டது. 'இதுவரைக்கும்' என்ற ஒரு சொல்லை அவர்கள் சேர்த்திருந்தார்கள். கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட சொல் அதுதான்.

இந்த முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததால் யாரும் படிக்கவில்லை. மேடைக்காரர்களுக்கு ஒரு சாக்குப் போயிற்று. சூழல் ஆர்வலர்களுக்கு ஒரு கோஷம் போயிற்று. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு படிமம் போயிற்று. ஆனால் ஒரு ஆராய்ச்சி தான் தேடிப்போனதைக் காணவில்லை என்று ஒளிக்காமல் சொல்லும்போதுதான் அதன்மேல் நம்பிக்கை வருகிறது. வேறு இடங்களில், வேறு மழைகளில், வெயில்களில் சூடேற்றத்தின் பங்கு இருக்கிறது என்று இதே ஆட்கள் சொல்லும்போது அதை நான் நம்புவதற்குக் காரணம், சென்னையில் அவர்கள் இல்லை என்று சொன்னதுதான்.

தடயம் இல்லை என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? பூமி சூடேறவில்லை என்று அர்த்தமல்ல. ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் 1958இல் அளக்க ஆரம்பித்தபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதில் சந்தேகமில்லை. அர்த்தம் வேறு. அன்றைய மழை, எல் நினோ வருஷத்து வடகிழக்குப் பருவம் பழைய உலகத்திலேயே தரக்கூடியதாக இருந்த மழை. அந்த மழைக்கே நம் நிலம் தயாராக இல்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, அது அந்த வெள்ளத்தை மனிதனால் ஏற்பட்ட பேரிடர் என்றே சொல்லிற்று. வானம் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டால் மிச்சமிருப்பது நிலத்தின் கணக்குதான்.

ஆனால் 'இதுவரைக்கும்' என்ற சொல் இருக்கிறது. புகை நிரந்தரமல்ல. அது நம் நுரையீரலைத் தின்கிறது. என்றைக்காவது குறைக்கத்தான் வேண்டும், குறைந்தும் ஆக வேண்டும். மழை பெய்தால் சில நாளில் கழுவப்பட்டுவிடுகிற புகை போனதும், நூற்றாண்டுகள் காற்றில் நிற்கும் கரியமில வாயு தன் முழுச் சூட்டையும் விரிகுடாவுக்குத் தரும். அப்போது வரப்போகும் மழை பழைய உலகத்து மழையாக இராது. குறிப்பேட்டில் 1813 முதல் எழுதிவந்த எண்கள் இனி வரப்போவதற்கு வழிகாட்டுமா என்பதே கேள்விக்குரியதாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. இடையில் 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு ராப்பகலாக நின்றோம். எட்டு வருஷத்துக்குள் இரண்டு வெள்ளமும் ஒரு வறட்சியும்.

6

ஆராய்ச்சி முடிந்தபின் ஆராய்ச்சியின் பெயரால் நடப்பது ஒன்று உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்கள்தான் நீர்வழிக்குத் தடை என்று தீர்மானமாயிற்று. அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? பெரும்பாக்கத்தில், வீட்டுவசதி அடுக்குமாடிகளில். பெரும்பாக்கம் கழுவெளியின் கரை. அதற்கு முன்பே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இப்படித்தான் உண்டாயின. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, வெள்ளம் தங்குவதற்கென்றே இயற்கை ஒதுக்கிவைத்த இடத்தில் குடியேற்றினார்கள். மழை வந்தால் அங்கேயும் முழங்கால் தண்ணீர். வேலைக்குப் போக முன்பு நடந்த தூரம் இப்போது இரண்டு பஸ்.

இதை எழுதும் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிச்சூரில் நான் வாங்கிய மனை, பழைய வரைபடத்தில் ஏரி உள்வாய். பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, வங்கிக் கடன் கொடுத்தது. வாங்கும்போது கிழக்குப் பார்த்த மனையா என்று விசாரித்தேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்கவில்லை. ஆற்றங்கரைக் குடிசைக்காரனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காகிதம். அவன் ஆக்கிரமிப்பாளன், நான் குடியிருப்போர். காலநிலையைப் பற்றிய ஆராய்ச்சி எவ்வளவு நுட்பமாக வளர்ந்தாலும் இந்தக் காகிதத்தை அது கேள்வி கேட்காதவரை, அதன் பலன் ஏழையை இடம் மாற்றுவதில்தான் போய் முடியும் என்று பயப்படுகிறேன்.

நம்மைப் போல எழுதுகிறவர்களிடம் கேட்கக்கூடியது அதிகமில்லை. 'சீற்றம்' என்ற சொல்லைக் கொஞ்சகாலம் ஒதுக்கிவைக்கலாம். தாலுகா அலுவலகத்தில் அவரவர் ஊரின் பழைய வரைபடம் கேட்டால் கிடைக்கும். எது ஏரி, எது கலங்கல், எது வரத்துக்கால் என்று அதில் போட்டிருக்கும். நுங்கம்பாக்கத்துக் குறிப்பேட்டின் எண்களும் ரகசியமல்ல. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க இதுவரை கவிஞனும் வரவில்லை, தாசில்தாரும் வரவில்லை.

எங்கள் தெரு 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்கு வெளியிலேயே தங்கிவிட்டது, பஞ்சாயத்துதான். மாறியிருப்பது வேறு. நான்கைந்து பேர் ஜாக்கி வைத்து வீட்டை அஸ்திவாரத்தோடு மூன்றடி, நான்கடி தூக்கிக்கொண்டார்கள். சுவரில் ஒரு விரிசல் விழாமல் முழு வீடும் மேலெழுவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. காசில்லாதவர்கள் வாசலில் தடுப்புச் சுவர் கட்டினார்கள். நான் பத்திரிகைத் தொகுதிகளில் காய்ந்து பிழைத்தவற்றை மேல்தட்டுக்கு மாற்றினேன். 2023 டிசம்பரில் தண்ணீர் மறுபடி வந்தது. தூக்கிய வீடுகளுக்குள் அது ஏறவில்லை. அந்த வீடுகளின் மனைகளில் கொட்டி உயர்த்திய மண்ணால் இடம் போன தண்ணீர், தூக்காத வீடுகளுக்குள் போன தடவையைவிட ஒரு சாண் அதிகமாக ஏறியது.